பொருள்: மறு: தளர்பிணைப்பு – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

நேற்றிலிருந்து வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். மென்பொருளைத் தனித்தனிச் சேவைகளாக அமைத்து இணைக்கும் முறை (சர்வீஸ் ஓரியண்டட் ஆர்க்கிடெக்சர்) பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஒரு நிரல் இன்னொன்றின் உள்ளமைப்பை நம்பியிராமல் அதோடு இணைவதை ஆங்கிலத்தில் 'லூஸ் கப்ளிங்' என்கிறார்கள், அதற்கு நாம் வைத்திருக்கும் சொல்தான் தளர்பிணைப்பு. முடிக்கக்கூடியதை முதலில் முடித்துவிடுகிறேன்.

> சேவை வடசொல். பணி என்று மாற்றுங்கள். பணிதல், பணிவு, பணிவிடை எல்லாம் அதே வேர்தான்.

வேர் சரிதான் ஐயா. ஆனால் அதே பக்கத்தில் இரவில் தானாக ஓடும் 'தொகுதிப் பணி' வருகிறது, இரண்டும் மோதும். வடசொல்லையும் நால்வகைச் சொற்களில் ஒன்றாகத் தொல்காப்பியரே சேர்த்திருக்கிறார், சேவையில் வடவெழுத்தும் இல்லை. பொருள்நோக்கு நிரலாக்கம் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் 'சேவைநோக்குக் கட்டமைப்பு' என்றே போடுகிறேன்.

எனக்கு உறுத்துவது தளர்பிணைப்புதான். வகுப்பில் அந்தச் சொல்லை எழுதியதும் ஒரு மாணவி எழுந்து, "பிணைப்பு தளர்ந்தால் அமைப்பு நின்றுவிடாதா?" என்று கேட்டாள். தமிழில் தளர்வது என்றால் வலுவிழப்பது, அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், பில் போடும் நிரல் சரக்குப் பிரிவின் தரவுத்தளத்துக்குள் நேரடியாகப் புகுந்து அட்டவணையைப் படிக்கும். அங்கே யாரோ ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினார்கள், மறுநாள் காலை ஒரு பில்கூட வரவில்லை. இது இறுகிய பிணைப்பு. சேவைவழிப் போனால் பில் நிரல் 'இந்தப் பொருள் இருப்பு எவ்வளவு' என்று எக்ஸ்.எம்.எல். என்ற குறியீட்டு வடிவில் ஒரு செய்தி அனுப்பும், விடை வரும், உள்ளே அட்டவணை என்ன ஆனாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் அந்தச் செய்தியின் வடிவம் சேவையை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல். கோப்பில் எழுதியபடி அப்படியே இருக்க வேண்டும், அதில் தளர்ச்சியே கிடையாது.

இங்கேதான் யாப்பிலக்கணத்தின் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி, எனக்கு நினைவு வருகிறது. 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி' என்பதில் அகர புளிமா, அடுத்த சீர் நிரையில் தொடங்குகிறது, மா முன் நிரை, சரி. எழுத்தெல்லாம் காய்ச்சீர், ஆதி நேரில் தொடங்குகிறது, காய் முன் நேர், அதுவும் சரி. நின்ற சீரின் முடிவையும் வரும் சீரின் முதலசையையும் மட்டுமே தளை பார்க்கிறது, சீருக்குள் என்ன பொருள் இருக்கிறது என்று கேட்பதே இல்லை. அதே வாய்பாட்டில் வேறு சொல்லை வைத்தாலும் வெண்பாவுக்குரிய வெண்டளை பிசகாது. இரண்டு நிரல்களுக்கு நடுவே நமக்கு வேண்டியதும் இதேதான், அதனால்தான் தளை என்ற சொல்லை முன்வைத்தேன்.

> தளை என்றால் விலங்கு. கைதியின் காலில் பூட்டுவது. மாணவர்களுக்கு யாப்பு எங்கே தெரியும்?

இந்த மறுப்பு நியாயமானது. தரநிலைகளை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பு 2006இல் வெளியிட்ட, சேவைநோக்குக் கட்டமைப்புக்கான மேற்கோள் மாதிரி (ரெஃபரன்ஸ் மாடல்), வெவ்வேறு உரிமையாளர்களின் கையில் இருக்கும் திறன்களைப் பற்றித்தான் பேசுகிறது, அப்படிப்பட்ட இரண்டு தரப்பை விலங்கிட்டது போல ஒரு சொல் தொனிப்பதை நானும் விரும்பவில்லை.

இன்னொரு நண்பர் புணரியலிலிருந்து 'இயல்பிணைப்பு' தந்தார். இயல்புப் புணர்ச்சியில் இரு சொல்லும் மாறாமல் சேர்கின்றன, விகாரத்தில் ஒன்று தோன்றும், திரியும், கெடும். ஆக இறுகிய பிணைப்பு 'திரிபிணைப்பு' ஆகிவிடும். இந்த இணையை இரண்டு நாளாக மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவு பிடித்திருக்கிறது. ஆனால் இயல்பு என்றதும் 'சாதாரண இணைப்பு' என்றுதான் முதலில் படிக்கிறார்கள், வீட்டில் இருவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

கைதூக்கியவர்களில் பெரும்பாலோர் தளர்பிணைப்பையே சொல்கிறார்கள். சரி, பாடத்தில் அதுவே போகட்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன், சொல்லடைவில் இயல்பிணைப்பையும் பக்கத்திலேயே கொடுக்கிறேன். அந்த மாணவியின் கேள்வியும் பாடத்தில் பயிற்சி வினாவாக வரும்.

அப்புறம், அடுத்த பாடத்தில் ஆர்க்கெஸ்ட்ரேஷன், கோரியோகிராஃபி இரண்டும் வருகின்றன. முதலாவதில் ஒருவர் எல்லாச் சேவைகளையும் நடத்துகிறார், இரண்டாவதில் அவரவர் முறையறிந்து ஆடுகிறார்கள். 'ஒத்திசைவு' இரண்டுக்கும் பொருந்துகிறது, அதுதான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்து எழுதுங்கள்.