புதுப்பிப்பு: சும்மா கிடந்த அந்த மூன்று கார்டுகள்

அதிகம் பயன்படுத்தாத மூன்று கிரெடிட் கார்டுகளையும் ஒரேயடியாக மூடிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். முதலில் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது நம் கடன், கார்டு விவரமெல்லாம் இருக்கும் அறிக்கையைப் பாருங்கள் என்றீர்கள். பார்த்தேன். நம் ரிப்போர்ட்டை நாமே பார்த்தால் கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுவோமா என்பதற்கான மதிப்பெண்) குறையாதாம். இது தெரியாமல் இத்தனை நாள் பயந்திருக்கிறேன்!

அதில் ஒரு அதிர்ச்சி. எப்போதோ மூடிய நான்காவது கார்டு இன்னும் நடப்பில் இருப்பதாகக் காட்டியது. நல்லவேளை, மூடியதற்கான கடிதம் கையில் இருந்தது. அதை இணைத்துப் புகார் கொடுத்தேன், திருத்திவிட்டார்கள்.

அப்புறம் கணக்குப் போட்டேன். எல்லா கார்டுகளின் வரம்பும் சேர்த்து 100 என்றால் என் செலவு 20. மூன்றையும் மூடினால் வரம்பு 40தான். அதே செலவு பாதி வரம்பைத் தின்றதாகத் தெரியும். செலவை வரம்பில் 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது ஸ்கோருக்கு நல்லது என்பார்களே, அதெல்லாம் காலி.

ஆகவே ஆண்டுக் கட்டணம் பிடுங்கும் கார்டை மட்டும் மூடினேன். அதற்கு முன் பாக்கியைத் தீர்த்து, தானாகப் பணம் போகும் சந்தாவை வேறு கார்டுக்கு மாற்றினேன். மூன்றில் மிகப் பழைய கார்டில் மாதம் ஒரு சிறு பில் மட்டும் கட்டுகிறேன். மூன்றாவது இன்னும் டிராயரில்தான் இருக்கிறது.