1/48 ரிக்தோஃபென், மொரிட்ஸ் ரெசின் உருவங்கள்: விமானியில் பெயின்ட் உரிகிறது, நாய் பிசுபிசுக்கிறது. உதவி தேவை

கேள்வி

வணக்கம். 1/48 அளவில் (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) ஃபோக்கர் டிஆர்.1 மூவிறகு விமான மாடல் முடிந்துவிட்டது. பக்கத்தில் நிறுத்த, அந்த வகை விமானத்தை ஓட்டிய முதல் உலகப் போர் ஜெர்மன் விமானி ரிக்தோஃபென், அவருடைய கிரேட் டேன் நாய் மொரிட்ஸ் என இரண்டு ரெசின் உருவங்கள் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை. இரண்டையும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஒரே சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, அதன்மேல் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் பூசினேன். இப்போது இந்தச் சிக்கல்கள்:

1. விமானியின் கோட்டு ஓரத்திலும் பூட்ஸ் மடிப்பிலும் பெயின்ட் பாம்புச் சட்டை மாதிரி உரிகிறது. பிரைமரும் சேர்ந்தே வருகிறது. அடியில் வெளிர் மஞ்சள் ரெசின் பளபளவென்று தெரிகிறது.
2. நாய்க்கு வயிற்றடியிலும் பின்னங்கால் இடுக்கிலும் ஒரு வாரமாகியும் பிசுக்கு போகவில்லை. தொட்டால் விரல் ரேகை பதிகிறது.
3. நாயின் முன் வலது கால் தரையிலிருந்து அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கிறது.
4. பக்கத்தில் நிறுத்தினால் நாய் கன்றுக்குட்டி போலத் தெரிகிறது. விமானி 36 மி.மீ. உயரம். நாய் தோள்வரை 21 மி.மீ.

பெயின்ட்தான் கோளாறா? வேறு கம்பெனி பெயின்ட்டுக்கு மாற வேண்டுமா?

பதில் 1

பெயின்ட்டை மாற்ற வேண்டாம். இரண்டுக்கும் "ரெசின்" என்று ஒரே பேர் இருப்பதால் வந்த குழப்பம் இது. உங்கள் விமானி சிலிக்கோன் அச்சில் வார்த்த பாலியூரித்தேன். நாய் 3டி பிரிண்டரில் ஒளியால் இறுகிய ரெசின். பொருள் வேறு, நோய் வேறு, மருந்தும் வேறு.

அடையாளம் காண்பது எளிது. வார்ப்பில் பாதத்திலோ முதுகிலோ ஒரே பெரிய கட்டை ஒட்டியிருக்கும், அதை ரம்பத்தால் அறுத்திருப்பீர்கள். பிரிண்ட்டில் ஊசி ஊசியாய் நிறையத் தாங்குகால்கள் இருந்திருக்கும். அவற்றைக் கிள்ளிய இடத்தில் சின்னப் புள்ளிகள் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முதுகு வளைவில் படிப்படியாய் கோடும் தெரியும்.

முதலில் விமானி. பிரைமரும் சேர்ந்து வருகிறது என்பதுதான் துப்பு. பெயின்ட் மட்டும் உரிந்து பிரைமர் நின்றிருந்தால் கோளாறு அவை இரண்டுக்கும் நடுவில். பிரைமரே ரெசினை விட்டுக் கழன்றால் ரெசின் மேல் எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று பொருள். வார்ப்பு அச்சிலிருந்து சுலபமாகக் கழல அச்சில் ஒரு பூச்சு தெளிப்பார்கள். அது மடிப்புகளில்தான் தேங்கும். உங்களுக்குக் கோட்டு ஓரத்திலும் பூட்ஸ் மடிப்பிலும் உரிவதற்குக் காரணம் அதுதான். வெறுமனே முக்கி எடுத்தால் அது போகாது, தேய்க்க வேண்டும்.

இப்போதைக்கு இருக்கும் பெயின்ட்டை முழுக்க எடுத்துவிடுங்கள். உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் அடுத்த இடம் கழலும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத்பிரஷ் போதும். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், ரெசினின் மேற்பரப்பையே தின்றுவிடும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு 15 நிமிடம் ஊறவையுங்கள். மென்மையான டூத்பிரஷால் மடிப்பு மடிப்பாய்த் தேய்த்து, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, ஓர் இரவு காயவிடுங்கள். அதற்குப்பின் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, விரல் எண்ணெயும் இதே வேலையைச் செய்யும். பூட்ஸ் அடியில் ஒரு கம்பி செருகி அதைப் பிடித்தே வேலை செய்யுங்கள்.

பிரைமர் லாக்கர் வகையாக (தின்னர் கலக்கும் வகை) இருக்கட்டும். ஒரே கனத்த பூச்சு வேண்டாம். பனி படிந்தது போல ஒரு தூவல், 10 நிமிடம் இடைவெளி, இன்னொரு தூவல். 24 மணி நேரம் கழித்துப் பூட்ஸ் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். அங்கே நின்றால் மற்ற இடங்களிலும் நிற்க வாய்ப்பு அதிகம்.

பதில் 2

நாயைப் பற்றி நான் சொல்கிறேன். சோப்புத் தண்ணீருக்கு இறுகாத ரெசின் கரையாது. நீங்கள் கழுவியதில் அது போகவில்லை, இன்னும் பரவித்தான் இருக்கும். வயிற்றடியும் கால் இடுக்கும் புற ஊதா விளக்கின் நிழலில் இருக்கும் இடங்கள். ஒளி படாததால் அங்கே ரெசின் இறுகவில்லை. அதன்மேல் எதைப் பூசினாலும் காயாது. இன்னும் ஒரு மாதம் வைத்திருந்தாலும் இதே கதைதான்.

நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையில் எடுத்து இரண்டு நிமிடம் தேயுங்கள். கூடவே பெயின்ட்டும் வந்துவிடும். ஊறப்போட்டு மறந்துவிடாதீர்கள். நேரம் கூடினால் பிரிண்ட் ஊறி உப்பும், வால், காது மாதிரி மெல்லிய பாகங்கள் விரிசல் விடும். புது ஆல்கஹாலில் இன்னொரு அலசு. பிறகு அரை மணி நேரம் நன்றாக உலரவிடுங்கள். ஈரத்தோடு விளக்கில் வைத்தால் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும்.

விளக்கில் வைத்துக் கடைசியாக இறுக்குவதற்கு முன் காலைச் சரிசெய்துவிடுங்கள், அப்போதுதான் வளையும். 60 டிகிரி அளவு சுடுநீரில் அரை நிமிடம் வைத்து எடுத்து, தொடைப் பகுதியில் விரலால் மெல்லத் தள்ளுங்கள். கணுக்காலில் தள்ளினால் முறியும். அப்படியே பிடித்துக் குளிர்ந்த நீரில் விட்டால் நின்றுவிடும். தரையில் ஊன்றி நிற்கும் மற்ற மூன்று கால்களையும் உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்ய நினைக்காதீர்கள். பாதம் தேய்ந்து நாய்க்குக் குளம்பு வந்துவிடும்.

பிறகு ரெசினை இறுக்கும் 405 நானோமீட்டர் விளக்கில் மல்லாக்கப் போட்டு ஐந்து நிமிடம், திருப்பி ஐந்து நிமிடம். மிதமிஞ்சி வைத்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றாமல் வெயிலில் வையுங்கள். கலங்கலாய் இருக்கும் ரெசின் இறுகிப் படிந்ததும் வடிகட்டி எடுத்துவிடலாம்.

பதில் 3

நான்காவது சிக்கலை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

36 மி.மீ.யை 48-ஆல் பெருக்கினால் 172.8 செ.மீ. ஆள் சரியான அளவு. 21 மி.மீ.யை 48-ஆல் பெருக்கினால் 100.8 செ.மீ. தோள் ஒரு மீட்டர் உயரமுள்ள நாய்! ஆண் கிரேட் டேன் பொதுவாக 76 முதல் 86 செ.மீ. அதே 21-ஐ 35-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 73.5 செ.மீ. ஆக அந்த நாய் 1/35 அளவுக்குச் செய்ததாக இருக்கலாம். ஆள் இல்லாமல் நாயை மட்டும் தூரத்தில் நிறுத்தினால் ஒருவேளை சமாளிக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் எப்படிப் பூசினாலும் கண் ஏமாறாது.

பிரிண்ட் என்பதால் ஒரு வசதி இருக்கிறது. விற்றவரிடம் 80 சதவீதத்தில் மறுபடி அச்சிட்டுத் தரக் கேளுங்கள். 16.8 மி.மீ. வரும், அதாவது நிஜத்தில் 80.6 செ.மீ. ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள்: கால்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்துவிடும், எளிதில் நொறுங்காத டஃப் வகை ரெசினில் அச்சிடச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் நாய்க்கு இரண்டு காதும் ஒரே நீளமா? மொரிட்ஸுக்கு அப்படி இல்லை. விமானம் கிளம்பும்போது கூடவே ஓடும் பழக்கம் அதற்கு. ஒரு முறை புரொப்பெல்லர் பட்டு ஒரு காது வெட்டுப்பட்டது. 1917-இல் ரிக்தோஃபெனே இதை எழுதியிருக்கிறார். அவர் மூவிறகு விமானத்தை ஓட்டத் தொடங்கியது அந்த ஆண்டு செப்டம்பரில்தான். அதனால் டிஆர்.1 பக்கத்தில் நிற்கும் மொரிட்ஸுக்கு ஒரு காது குட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி கழுவியதில் விமானி டேப் சோதனையில் தேறிவிட்டார். நாய் 80 சதவீதத்தில் புதிதாக வந்துவிட்டது, பிசுக்கு இல்லை. காது இரண்டும் நீளம்தான். எந்தக் காதை வெட்டுவது? நாய்க்கு என்ன நிறம்? கால் இவ்வளவு மெலிதாக இருக்க, தளத்தில் எப்படி நிறுத்துவது?

பதில் 3

காதைப் புகைப்படத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ஆனால் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கலாம். அதே படத்தில் சீருடையோடு யாராவது நின்றால் முதல் வகுப்பு இரும்புச் சிலுவைப் பதக்கத்தைத் தேடுங்கள். அது இடது மார்பில் குத்துவது. வலப்பக்கம் தெரிந்தால் படம் புரண்டிருக்கிறது. கழுத்தில் தொங்கும் பூர் லெ மெரிட் பதக்கம் நடுவில் இருப்பதால் இதற்கு உதவாது.

வெட்டுவதற்கு முன் நாயை வெதுவெதுப்பான நீரில் காட்டி எடுங்கள். குளிர்ந்த ரெசினில் கத்தி வைத்தால் காது அடியோடு தெறிக்கும். புதிய பிளேடால் ஒரே அழுத்தில் வெட்டி, வெட்டு முனையை ஈரமான 1000 நம்பர் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. ரெசின் தூள் மூச்சில் போகக் கூடாது, அதனால் எப்போதும் ஈரத்தில்தான் தேய்க்க வேண்டும்.

நிறத்துக்கு ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்து ஃபிலிம்கள் பெரும்பாலும் சிவப்பை உணராதவை. செம்மஞ்சள் சாயல் உள்ள ரோமம் படத்தில் நிஜத்தைவிடக் கறுப்பாக விழும். படத்தில் நடுத்தரச் சாம்பலாய்த் தெரிவதை அப்படியே சாம்பலாகப் பூசிவிடாதீர்கள். மூக்குப் பகுதிக்குத் தூய கறுப்பு வேண்டாம், அடர் பழுப்பில் சொட்டுக் கறுப்பு கலந்தால் போதும். கண்ணுக்கு வெள்ளை வைக்கவே வேண்டாம், இந்த அளவில் ஒரு கருமையான புள்ளிதான் கண். கிரேட் டேனுக்குக் குட்டை ரோமம் என்பதால் உலர்தூரிகையால் (பெயின்ட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகை) முடி வரைய முயன்றால் செம்மறியாடு ஆகிவிடும்.

பதில் 1

நிறுத்துவதற்கு: குறுக்கெதிரான இரண்டு பாதங்களில் மட்டும், ஒரு முன்னங்கால், ஒரு பின்னங்கால், 0.3 மி.மீ. துளை 2 மி.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். 0.5 வேண்டாம், பாதம் பிளக்கும். பித்தளைக் கம்பியைச் சூப்பர் க்ளூவால் பொருத்துங்கள். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மாடலுக்கான சிமென்ட் என்ற பசை ரெசினைக் கரைக்காது, ஒட்டவும் ஒட்டாது. இதைப் பெயின்ட்டுக்கு முன்பே செய்துவிடுங்கள், கம்பியே கைப்பிடியாகும். தளத்தின் மண் கலவை ஈரமாக இருக்கும்போது நாயை இறக்கி, நான்கு பாதமும் மயிரிழை அளவு புதையும்படி அழுத்துங்கள். மேலே வைத்தால் அந்தரத்தில் மிதப்பது போலிருக்கும்.

இடத்தையும் யோசியுங்கள். புரொப்பெல்லர் சுழலும் வட்டத்துக்கு நேர் முன்னால் வேண்டாம். விமானியின் கை தொங்கும் பக்கம், இறக்கை முனைக்குச் சற்று வெளியே, குட்டைக் காது பார்ப்பவர் பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி நிறுத்துங்கள்.