பிடிபி-11 காலத்து ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா?

டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) நிறுவனத்தின் பழைய மினி கணினியான பிடிபி-11இல் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது முன்பலகை ஸ்விட்சுகள்தான். எனக்கும் அப்படித்தான். எங்களிடம் இருந்ததில் பூட் ரோம் (கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல் பதிந்த நிரந்தர நினைவகம்) கிடையாது. புரோகிராம் துளைகளாகப் பதிந்த காகித நாடாவைப் படிக்க வைக்கும் அந்தக் குட்டி லோடரைக் கையாலேயே ஏற்ற வேண்டும். மொத்தம் 14 வேர்டுகள் (16 பிட் எண்கள்), முதலாவது 016701. இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஸ்விட்சுகள் மூன்று மூன்றாக நிறம் மாறியிருக்கும், ஆக்டலில் (எட்டை அடிப்படையாகக் கொண்ட எண் முறை) படிக்க வசதியாக. நினைவக முகவரியை வைத்து 'லோட் அட்ரஸை' அழுத்தணும். அப்புறம் எண்ணை வைத்து 'டெபாசிட்'. மற்ற ஸ்விட்சுகளைக் கீழே அழுத்த வேண்டும், டெபாசிட்டை மட்டும் மேலே தூக்கணும். தெரியாமல் கை பட்டு நினைவகம் கெட்டுவிடக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. அடுத்தடுத்து டெபாசிட் செய்தால் முகவரி தானாகவே நகரும். பழகிய கை பலகையைப் பார்க்காமலே போட்டுவிடும்.

நினைவகம் காந்த வளையங்களால் ஆனது என்பதால் மின்சாரம் போனாலும் லோடர் அழியாது. ஆனால் யாராவது எழுதிய புரோகிராம் லோடர் இருக்கும் நினைவகத்தின் மேல்கோடி வரை மிதித்துவிட்டுப் போயிருக்கும். சரி, மறுபடியும் 016701.

நாடாவைப் படித்தது டெலிடைப் (தட்டச்சு இயந்திரம் போன்ற முனையம்), அதன் வேகம் விநாடிக்கு 10 எழுத்து. 8 கேபி புரோகிராம் உள்ளே போய்ச் சேர்வதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூட முடியாது. பிறகு ஆர்கே05 வட்டு வந்தது. ஒரு கார்ட்ரிட்ஜில் 2.5 எம்பி. அன்றைக்கு அது கடல்.

பிடிபி-11 வரிசையில் எனக்குப் பிடித்தது 11/70 மாடல். யாரும் வேலை கொடுக்காதபோது அதன் விளக்குகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும், வேலை ஏறினால் கலைந்து தாறுமாறாக மின்னும். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாலே போதும், இப்போது கம்பைல் (புரோகிராமை எந்திர மொழிக்கு மாற்றும் வேலை) கொடுக்கலாமா, டீ குடித்துவிட்டு வரலாமா என்று முடிவெடுத்துவிடலாம். இன்று எந்தக் கணினி என்னிடம் இப்படி வெளிப்படையாக இருக்கிறது?

இப்போது பழைய கணினிகளைப் போல நடிக்கும் சிம்எச் எமுலேட்டரில், பிடிபி-11இன் இயங்குதளமான ஆர்டி-11 கண் சிமிட்டுவதற்குள் பூட் ஆகிறது. மகிழ்ச்சிதான், ஆனால் விரலுக்கு வேலையே இல்லை.

டேட்டா ஜெனரல் நிறுவனத்தின் நோவா மினி கணினி பக்கம் இருந்தவர்கள் உங்கள் கதையை எழுதுங்கள். அதில் நான் கை வைத்ததே இல்லை.