செய்தி உண்மைதான், எந்த நிறுவனத்தின் செய்தி?

2022 செப்டம்பரில் சுரங்க, உலோகக் குழுமமான வேதாந்தாவும் தைவான் மின்னணு நிறுவனமான ஃபாக்ஸ்கானும் குஜராத்தில் 1.54 லட்சம் கோடி ரூபாய் முதலீட்டில் சிப் மற்றும் திரைத் தொழிற்சாலைகள் அமைக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்த செய்தி வந்ததும், சேலத்தில் எனக்குப் பழக்கமான பங்குச்சந்தை நண்பர்கள் அனைவரும் அதையே பேசினார்கள். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை நடத்தும் ஒருவர், வேதாந்தா பங்கை உடனே வாங்கிவிட வேண்டும் என்று துடித்தார். மரவள்ளிக் கிழங்கு லோடு வந்து நின்றால், மாதிரி எடுத்துப் பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) பார்க்காமல் விலையே பேசாதவர் அவர்.

"அண்ணா, ஃபேக்டரி போடப்போறது எந்தக் கம்பெனின்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். "பேப்பர்லயே போட்டிருக்காங்களே தம்பி" என்றார்.

அவர் வாங்குவதற்குள் பங்குச்சந்தைக்கு வேதாந்தாவின் விளக்கக் கடிதம் வந்துவிட்டது. சிப் தொழிலை நடத்தப்போவது பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட வேதாந்தா லிமிடெட் அன்று, அதன் தலைமை உரிமை நிறுவனமான வால்கன் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்று அதில் இருந்தது. ஏறிய விலை இறங்கியது. கைப்பேசியில் அந்தக் கடிதத்தைக் காட்டியபோது, பெயர் இருந்த வரியை விரலால் பெரிதாக்கிப் படித்துவிட்டு, "இந்தப் பங்கு சந்தையிலேயே இல்லையே" என்றார். 2023 ஜூலையில் ஃபாக்ஸ்கான் அந்தக் கூட்டு முயற்சியிலிருந்தே விலகியது.

இதற்கு நேர்மாறான அவசரத்தை 2025 ஜனவரியில் ஏற்காட்டில் பார்த்தேன். சீன நிறுவனமான டீப்சீக் மிகக் குறைந்த செலவில் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) மாதிரியை உருவாக்கிவிட்டது என்ற செய்தியால், 27ஆம் தேதி ஒரே நாளில் ஏஐ சிப்களை விற்கும் அமெரிக்க நிறுவனமான என்விடியாவின் பங்கு ஏறத்தாழ 17 சதவீதம் சரிந்து, அதன் சந்தை மதிப்பில் சுமார் 59,000 கோடி டாலர் கரைந்திருந்தது. வீட்டிலிருந்தபடி மென்பொருள் வேலை பார்க்கும் என் அக்கா மகன், அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் ஃபண்டில் இருந்த பணம் முழுவதையும் எடுத்துவிடத் தயாராக இருந்தான். "வெறும் 56 லட்சம் டாலர்ல முடிச்சுட்டாங்க மாமா, இனிமே இவ்வளவு சிப் யாருக்கு வேணும்?" என்பது அவன் வாதம்.

காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்த களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, டீப்சீக் 2024 டிசம்பரிலேயே வெளியிட்டிருந்த ஆய்வறிக்கையை இருவரும் படித்தோம். அந்தத் தொகை, எல்லோரும் பேசிய ஆர்1 என்ற ஏஐ மாதிரிக்கு உரியதே அன்று. அதற்கு முந்தைய வி3 மாதிரியின் பயிற்சிக்கு, சிப் வாடகை மணிக்கு 2 டாலர் என்று வைத்துப் போட்ட கணக்கு. முந்தைய ஆராய்ச்சிக்கும் சோதனைகளுக்கும் ஆன செலவு இதில் சேரவில்லை என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். மறுநாள் பங்கு ஏறத்தாழ 9 சதவீதம் மீண்டது என்றாலும், அதை நான் சான்றாகக் கொள்ளவில்லை. ஒரு நாள் விலை எதையும் நிரூபிக்காது. பயிற்சிச் செலவு குறைந்தால் பயன்பாடு பெருகி, சிப் தேவை கூடவும் செய்யலாம் என்ற மறுபக்கத்தை அவன் யோசிக்கத் தொடங்கியதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஊகமே கூடாது என்பது என் கருத்தன்று. தொழிலில் இருப்பவர்களின் உள்ளுணர்வு பல நேரங்களில் பத்திரிகைச் செய்தியை முந்திவிடும். அந்த உணர்வு தோன்றிய பிறகு, லாபம் எந்த நிறுவனத்தின் கணக்கில் விழும், அதன் மொத்த வருவாயில் அது எத்தனை பங்கு, எந்த ஆண்டில் வரும் என்று விசாரிக்காமல் பணத்தைப் போடுவதுதான் என்னைக் கவலைகொள்ள வைக்கிறது.

வதந்தியால் விலை கணிசமாக அசைந்தால், 24 மணி நேரத்துக்குள் அந்த நிறுவனம் அதை உறுதிசெய்யவோ மறுக்கவோ தெளிவுபடுத்தவோ வேண்டும் என்பது பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2024 ஜூனிலிருந்தும், முதல் 250 இடங்களில் உள்ளவற்றுக்கு அதே ஆண்டு டிசம்பரிலிருந்தும் அது பொருந்துகிறது. எனக்கு வாட்ஸாப்பில் வந்து சேரும் டிப்ஸ்களில் பெரும்பாலானவை அந்த 250க்கு வெளியே உள்ள சிறு நிறுவனங்களைப் பற்றியவை.