மெயின்டெய்னருக்குத் தமிழ்? கையேடு வியாழன் அச்சுக்கு

களுவாஞ்சிக்குடி:
வணக்கம். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளம் பற்றிய பயிலரங்குக் கையேட்டில் பொதி (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்), களஞ்சியம் (பொதிகள் இருக்கும் இடம்), சார்பு (ஒரு பொதிக்கு மற்றொன்று தேவைப்படுவது) மூன்றுக்கும் தமிழ் முடிந்தது. மெயின்டெய்னரில் நிற்கிறேன். இவர் நிரலை எழுதியவரல்ல. எழுதியவரிடம் மூலநிரலை எடுத்து, அதற்கு வேறு எந்தப் பொதிகள் வேண்டுமென்று கண்ட்ரோல் கோப்பில் குறித்து, டெப் என்ற பொதிக் கோப்பாக்கிக் களஞ்சியத்தில் ஏற்றுகிறவர். வழு வந்தால் ஏச்சும் இவருக்குத்தான். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. "பராமரிப்பாளர்" என்றேன், "ஏசி திருத்துறவரா மிஸ்?" என்கிறார்கள் பிள்ளைகள்.

காரைதீவு:
பேணுநர். பெறுநர், ஓட்டுநர் போல. றன்னகரம் போட்டுப் "பேணுனர்" என்று எழுதிவிடாதீர்கள்.

மட்டக்களப்பு:
சேர், பேணுநர் எண்டா வகுப்பில பால் டின், அதுதான் பால்பேணி, ஞாபகம் வரும். எங்கட சொல்லே கிடக்கு: வட்டவிதானை, வயலுகளுக்குக் குளத்துத் தண்ணி போறதைப் பார்க்கிறவர். குளம் கட்டினவர் அவரில்லை. வயல்காரர் கூடித் தெரிவுசெய்வாங்க. வாய்க்கால் உடைஞ்சாலும், கடைசி வயலுக்குத் தண்ணி போகாட்டியும் அவரைத்தான் தேடிப் போவாங்க.

காரைதீவு:
விதானை, சிங்கள வழக்கினூடாக வந்த வடசொல். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் எங்கள் ஊரார். அவர் மண்ணுக்கு அயலில் இருந்துகொண்டு இப்படியா?

அக்கரைப்பற்று:
நானும் எதிர்தான், காரணம் வேற. வட்டவிதானைக்கு வெள்ளாமை வெட்டினா நெல்லுக் கிடைக்கும். இவங்களுக்கு? இதை விட்டா நாளைக்கு ஒருத்தர் கோயில் வண்ணக்கர் என்பார், மறுகா நான் பள்ளிவாசல் மரைக்கார் என்பன். அதெல்லாம் குடிவழி வாற பதவி. டெபியனில ஒருத்தர் பொதியைக் கைவிட்டா, செய்ய மனமுள்ள எவரும் கேட்டு எடுக்கலாம். அப்படிக் கைவிட்ட பொதியை டெபியன்காரங்க இங்கிலீசில "ஓர்ஃபன்" எண்டு சொல்றமாதிரி "அநாதை" எண்டு எழுதிராதீங்க மிஸ். சுனாமியும் சண்டையும் கண்ட கரை இது. "ஆளில்லாப் பொதி" போதும்.

களுவாஞ்சிக்குடி:
ஆளில்லாப் பொதியை அப்படியே எடுத்துக்கொண்டேன், நானா. மற்றதுக்குப் "பொதிப் பராமரிப்பாளர்" என்றே போகிறது. தமிழ்நாட்டாருக்கும் விளங்கும். முன்னால் பொதி வந்தால் ஏசிக்காரர் போய்விடுவார்.

மட்டக்களப்பு:
சரி, போடுங்க. வகுப்பில நான் வட்டவிதானை எண்டுதான் சொல்லுவன்.

அக்கரைப்பற்று:
பொதிப் பராமரிப்பாளருக்கு ஓம். சலிச்சுப் போச்சு.

காரைதீவு:
என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். பராமரிப்பும் வடசொல்தான். தவிர, அட்டையில் "பயிற்றுனர்" என்று கிடக்கிறது, மகள். அச்சுக்கு முன் தந்நகரமாக்கி, "பயிற்றுநர்" என்று திருத்துங்கள்.