எண்காட்டி: பழைய மோட்டாரின் புது மீட்டருக்கு ஒரு சொல்

நம் சொல்லாக்கக் குழு அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய மோட்டாரில் (மோட்டார் சைக்கிளைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) பொருத்தும் டிஜிட்டல் மீட்டரை எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. சென்னை நண்பர் தந்தது ‘எண்ணிமக் கருவித்தொகுப்பு’. கோலாலம்பூர் ஆசிரியர் ஐயா தந்தது ‘எண்மானி’. பினாங்கு அன்பர் தந்தது ‘எண்பலகை’. நான் நான்காவதாக ‘எண்காட்டி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஏன் என்று சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருகிற வண்டிகளில் பழைய கப்சாய் என்கிற சின்ன மோட்டார் இன்னும் நிறைய உண்டு: ஹோண்டா சி70, இஎக்ஸ்5. இளைஞர்கள் கையில் யமஹா ஆர்எக்ஸ்இசட். முள் ஒடிந்தோ கேபிள் அறுந்தோ போனால், பழைய மீட்டரைத் தேடி அலைவதைவிட ஒரு டிஜிட்டல் கிட் வாங்கி மாட்டுவது சுலபம் என்று பலரும் வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை போமேன் என்போம். அவர்களுக்காகத் தமிழில் ஒரு பொருத்துமுறைத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல் தேவைப்பட்டது அந்த வேலையில்தான்.

முதலில் பட்டறையில் ஏற்கெனவே புழங்குவதைச் சொல்லிவிடுகிறேன். பழையது ‘முள் மீட்டர்’, புதியது ‘நம்பர் மீட்டர்’. இந்த இணையை யாரும் குழு கூட்டி உருவாக்கவில்லை. தேவைக்குத் தானாக வந்தது. நம் சொல் இதிலிருந்து அதிக தூரம் விலகிப்போனால் வாயில் நிற்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி வந்த சொற்கள். ‘எண்பலகை’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மோட்டாருக்கு முன்னும் பின்னும் ஏற்கெனவே ஓர் எண்பலகை இருக்கிறதே, பதிவு எண் எழுதியது! ‘எண்பலகையின் வயரைக் கழற்று’ என்றால் பையன் பின்பக்கம் போய் நிற்பான். சக இளைஞர் ஒருவர் இடையில் பேச்சோடு பேச்சாகச் சொன்ன ‘எண்முகம்’ இன்னொரு வகையில் சிக்கல். எண்கோணம், எண்முகி என்பவற்றில் எண் என்றால் எட்டு. கணக்குப் பாடம் படித்த பிள்ளைக்கு அது எட்டு முகமுள்ள உருவமாகத்தான் தோன்றும்.

‘எண்ணிமக் கருவித்தொகுப்பு’ பற்றிச் சென்னை நண்பர் தவறாக நினைக்கக் கூடாது. பொருளில் குறை இல்லை. ஆனால் டிஜிட்டலுக்குத் தமிழ்நாட்டில் எண்ணிமம், சிங்கப்பூரில் மின்னிலக்கம், எங்கள் நாளிதழ்களில் இலக்கவியல். இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டுச் செய்கிற எந்தச் சொல்லும் மற்ற இரண்டு நாட்டிலும் வெளியூர்ச் சொல்லாகவே நிற்கும். எண் என்ற சொல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை, எல்லாருக்கும் ஒன்றுதான்.

கடினமானது ‘எண்மானி’. ஆசிரியர் ஐயாவின் சொல் சுருக்கமானது, வேகமானியோடு ஒட்டி வருகிறது. முதலில் நானும் அதன் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் மானி என்று முடிகிற சொற்களைப் பாருங்கள்: வெப்பமானி வெப்பத்தை அளக்கிறது, மழைமானி மழையை அளக்கிறது, வேகமானி வேகத்தை அளக்கிறது. முன்னே நிற்பது அளக்கப்படும் பொருள். அந்த வழியில் எண்மானி எண்ணை அளப்பதாகிவிடும். நம் கருவி எண்ணை அளக்கவில்லை.

அது உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால்தான் சொல் பிடிபடும். பழைய மீட்டரில் முன்சக்கரத்திலிருந்து ஒரு கேபிள் சுழன்றுகொண்டே மேலே வரும். அதன் முனையில் ஒரு காந்தம், காந்தத்தைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் தொடுவதில்லை. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து அதையும் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும்; மெல்லிய சுருள்வில் ஒன்று பிடித்து நிறுத்தும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. 1902இல் ஜெர்மனியில் ஓட்டோ சூல்ட்சே காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. வேகம் ஏறினால் இழுப்பு ஏறும், முள் ஏறும். இதை மானி என்பது முழுக்கப் பொருந்தும்.

புதியதில் கேபிள் கிடையாது. முன்சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தம், சில மில்லிமீட்டர் தள்ளி ஓர் உணரி (சென்சார்). சில கிட்டில் அது காந்தம் அருகே வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்ச், சிலவற்றில் 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவில் இயங்கும் ஹால் உணரி. காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு மின்துடிப்பு மேலே போகிறது. சக்கரத்தின் சுற்றளவு எவ்வளவு என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். 2.50-17 டயருக்கு அது ஏறத்தாழ 1.75 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடினால் வினாடிக்கு ஒன்பது பத்துத் துடிப்பு வரும். அதை எண்ணிப் பெருக்கிக் காட்டுகிறது. அவ்வளவுதான். பட்டறைத் தம்பி இதை எளிதாகச் சொன்னார்: “முள்ளு அளந்து காட்டும்ணே. இது எண்ணிக் காட்டும்.”

அந்த வாக்கியத்திலேயே சொல் இருக்கிறது. எண்ணுகிறது, எண்ணாகக் காட்டுகிறது. எண்காட்டி.

இலக்கணமும் இடிக்கவில்லை. நாள்காட்டி, திசைகாட்டி, வழிகாட்டி என்று காட்டிக்கு முன்னால் நிற்பது காட்டப்படும் பொருள். ‘அதில் எண்ணெய் அளவுக்குக் கட்டம் வருகிறதே, சிக்னலுக்கு அம்பு வருகிறதே, அதெல்லாம் எண்ணா?’ என்று கேட்கலாம். (எங்கள் ஊரில் பெட்ரோலை எண்ணெய் என்றுதான் சொல்வோம்.) வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டி ராகு காலமும் நட்சத்திரமும் பள்ளி விடுமுறையும் சேர்த்தே காட்டுகிறது. அதனால் அதன் பெயரை மாற்றினோமா? முதன்மையானதை வைத்துப் பெயர் சொல்வது தமிழில் பழக்கமானதுதான்.

வேகமானியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது வேலையின் பெயர், அப்படியே இருக்கட்டும். முள் வேகமானி, எண்காட்டி வேகமானி என்று இரண்டையும் பிரித்துச் சொல்லலாம். எடைத்தராசிலும் பெட்ரோல் பம்பிலும் ஒளிர்வதும் எண்காட்டிதானே என்று யாராவது சொன்னால், ஆமாம், அதுவும் எண்காட்டிதான். அது சொல்லுக்கு வலிமையே தவிரக் குறை அல்ல.

இதன் கூடவே வேறு சில சொற்களும் தேவை. அவற்றில் அதிகக் குழப்பம் தருவது ஆர்பிஎம், அதாவது என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்ற கணக்கு. அதைக் காட்டுவதற்கு ‘சுழற்சிமானி’ என்று தாளில் எழுதியிருக்கிறேன். ஆர்எக்ஸ்இசட் இரண்டு ஸ்ட்ரோக், என்ஜினின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும் என்று புத்தகம் சொல்லும். ஆனால் ஃப்ளைவீலிலிருந்தே துடிப்பு எடுக்கும் கப்சாய் என்ஜின்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விழுகிறது. ஒன்று விட்டு ஒன்று வீண். எண்காட்டியில் இந்த அமைப்பைத் தவறாக வைத்தால் நின்றபடி 1,400 சுற்றில் ஓடும் வண்டி 2,800 என்றோ 700 என்றோ காட்டும். இதற்கு ‘பொறிவீதம்’ என்று போட்டிருக்கிறேன்: சுற்றுக்கு ஒரு பொறி, இரு சுற்றுக்கு ஒரு பொறி. போமேன்களுக்கு உடனே புரிந்தது.

‘சக்கரச் சுற்றளவு’ எல்லாருக்கும் தெரிந்த சொல். தாளில் அதற்கு ஒரு முறையும் எழுதியிருக்கிறேன்: டயரில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு, ஆள் ஏறி உட்கார்ந்தபடி ஒரு முழுச் சுற்று தள்ளி, டேப்பால் அளப்பது. 1.75க்குப் பதிலாக 1.85 என்று வைத்துவிட்டால் 60இல் போகும் வண்டி 63 காட்டும்.

மின்சாரப் பக்கம் சொல் புதிதாக வேண்டாம், எச்சரிக்கைதான் வேண்டும். பழைய சி70 பலவும் 6 வோல்ட். சில வண்டிகளில் முன்விளக்கு பேட்டரியைத் தொடாமல் காயிலிலிருந்து வரும் மாறுமின்னோட்டத்தில் நேராக எரிகிறது. எண்காட்டிக்கு 12 வோல்ட் நேர்மின்னோட்டம் தேவை. அந்த விளக்கு வயரில் கொடுத்தால் திரை துடிக்கும், பிறகு அணைந்துபோகும். அப்புறம் பொறிப்பிளக்கின் இரைச்சல்: எண் திடீரென்று தாறுமாறாகக் குதித்தால், குறியீட்டில் ஆர் என்ற எழுத்துள்ள மின்தடைப் பிளக்கை முதலில் போட்டுப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். தொட்டியில் எண்ணெய் அளவைச் சொல்லும் மிதவைக்குப் பல கிட்டில் 100 ஓம், 510 ஓம் என்று தேர்வு இருக்கும். தொட்டியில் உள்ள மிதவையை மீட்டர் வைத்து அளந்துவிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசி வரியை எழுதும்போதுதான் கவனித்தேன்: மின்தடை அளக்கும் மல்டிமீட்டரையும் பட்டறையில் வெறும் ‘மீட்டர்’ என்றுதான் சொல்கிறார்கள். மோட்டாரின் மீட்டரைக் கழற்று, மீட்டரால் சோதி, மீட்டரை மாட்டு என்று தாள் முழுக்க ஒரே சொல். எண்காட்டி வந்தால் இந்தக் குழப்பமும் தீரும்.

‘துடிப்பு’ என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை. பட்டறையில் பல்ஸ் என்கிறார்கள். இதயத்துடிப்பு நினைவுக்கு வருவதால் துடிப்பு எளிதில் ஒட்டும் என்று நம்புகிறேன். ஆனால் வண்டி துடிக்கிறது, திரை துடிக்கிறது என்று பழுதையும் அதே சொல்லால் சொல்கிறோம். பழுதுக்கு ‘மினுக்கல்’ என்று வைத்துத் துடிப்பை உணரியிலிருந்து வரும் குறிகைக்கே விட்டுவிடலாமா? ஆசிரியர் ஐயாவும் யாழ்ப்பாண அன்பர்களும் இதில் கருத்துச் சொன்னால் தாளை அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.