நழுவிப்போன வாள்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

தேக்கா வாசி:
2017 ஜூலை, சிங்கப்பூர் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை மூடுவதற்கு முந்தைய வாரம். தார்ப்பாயில் பழைய கடிகாரங்களுக்கு நடுவே ஒரு பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரி வாள், 1897-இல் வந்த மாதிரி (பேட்டர்ன்). கைக்காப்பில் ஐந்தாம் ஜார்ஜ் முத்திரை. அங்கிள் 650 வெள்ளி சொன்னார். நாலு விரற்கடை உருவினேன், அதற்குமேல் தோல் உறை விடவில்லை. அலகில் ஆறுமுனை நட்சத்திரம், நடுவில் பித்தளைப் பொட்டு. லண்டன் வாள் கம்பெனி வில்கின்சன் செய்தது! அலகின் முதுகில் ஐந்து இலக்க வரிசை எண். மறுபக்கம் துருவுக்கு அடியில் வாளுக்குரியவர் பெயரின் மூன்று முதலெழுத்துகள், ‘ஜே’, ‘எச்’ வரை படித்தேன். பையில் 200 வெள்ளிதான் இருந்தது. ஏடிஎம் போய்த் திரும்பப் பதினைந்து நிமிடம். அதற்குள் தூறல். வாள் கிடந்த இடம் மட்டும் தார்ப்பாயில் நீளக் கோடாக நனையாமல் இருந்தது.

எண்ணில் 475 வரை நினைவிருக்கிறது, கடைசி இரண்டு இலக்கம் வரவே மாட்டேன் என்கிறது. கையில் ஃபோன் இருந்தும் படம் எடுக்கத் தோன்றவில்லை.

ஈசூன் 81:
எண் கிடைத்தால் வாளை முதலில் வாங்கிய ஆள் கிடைத்துவிடுவார் என்று நினைக்காதீர்கள் அண்ணே. என் வாளின் எண்ணை வில்கின்சன் கம்பெனியின் பழைய விற்பனைப் பதிவேட்டில் தேடச் சொன்னேன். தேதி இருந்தது, வாங்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அந்தக் காலி இடத்தைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. என்னைக் கேட்டால் நீங்கள் பார்த்த எழுத்துகள்தான் பெரிய தடயம்.

செம்பவாங் பேத்தி:
எங்கள் வீட்டில் இருப்பது ஜப்பானிய அதிகாரியின் வாள், 1945-இல் சரணடைந்தபோது ஒப்படைத்தது என்று தாத்தா சொல்லுவார். கைப்பிடி நுனியில் வெள்ளியில் குடும்பச் சின்னம். உறையில் கட்டியிருந்த துணிச்சீட்டு நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. சித்தப்பா ஒருநாள் ‘சுத்தம் பண்ணுகிறேன்’ என்று மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, கைப்பிடிக்குள் இருந்த இரும்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டார். நான் உள்ளே வரும்போது விரித்திருந்த தமிழ் முரசு முழுக்கக் கரும்பழுப்புத் தூள். செய்தவர் பெயர் வெட்டியிருந்த இடத்தில் இப்போது விரலால் தடவினால்தான் இரண்டு கோடு தெரியும். ‘பளபளன்னு இருக்கு பாரு’ என்றார். அவரிடம் எப்படிக் கோபப்படுவது?

ஈசூன் 81:
ஐயோ. அந்தத் துருதான் வயதைச் சொல்லும், அதைத் தொடவே கூடாது.

ஜூரோங் மாமா:
தம்பி ஈசூன், காலாட்படை அதிகாரி வாளில் பெரும்பாலும் படைப்பிரிவின் பெயர் இருக்காது. வெறும் மூன்று எழுத்தை வைத்து, அதிகாரிகள் பெயர் வரும் ராணுவப் பட்டியலைப் புரட்டினால் பத்துப் பேர் வருவார்கள். எண் தரும் தேதியையும் எழுத்துகளையும் சேர்த்து, அந்த மாதங்களில் பதவி பெற்றவர்களை லண்டன் கெசட் என்ற பிரிட்டிஷ் அரசிதழில் பார்க்க வேண்டும். நான் ஒருவரை அப்படித்தான் கண்டுபிடித்தேன். போரில் பிழைத்து வீடு திரும்பியவர் என்று தெரிந்த இரவு தூங்கவில்லை. அவ்வளவுதான் என் கதை.

அப்புறம் எல்லோருக்கும் ஒன்று. நம் ஊர் ஈரத்தில் வாளைத் தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து அலகைத் தின்றுவிடும். உறையும் வாளும் தனித்தனியாக, கேமரா வைக்கிற உலர்பெட்டியின் நீள வகையில் இருக்கட்டும். அலகை வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு ஒரே வாரத்தில் விரல் ரேகையாகத் துருப்பிடிக்கும். மெழுகு மெல்லியதாகப் போதும். கைப்பிடியின் திருக்கைத் தோலில் எண்ணெய் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே போலீஸிடம் அனுமதி கேளுங்கள். விற்றவர் சொன்ன கதையை அன்றைக்கே தேதி போட்டு எழுதி வையுங்கள். ரசீது, வாளின் பழைய உறை, கிழிந்த சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள், விற்றாலும் வாளோடு சேர்த்தே கொடுங்கள். செம்பவாங் தங்கச்சி, தாத்தா சொன்னதை அப்பாவிடம் கேட்டு இப்போதே பதிவுசெய்துகொள்ளம்மா.

செம்பவாங் பேத்தி:
அப்பா போய் இரண்டு வருடமாகிறது மாமா. சித்தப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

தேக்கா வாசி:
அவரையே கேளுங்கள், சீக்கிரம் கேளுங்கள். மற்றவர்களுக்கு: 475 என்று தொடங்கும் வில்கின்சன், ‘ஜே. எச்.’ எழுத்து, கைக்காப்பின் கீழ் விளிம்பில் சிறு நெளிவு. யார் வீட்டில் இருந்தாலும் சொல்லுங்கள். விலைக்குக் கேட்கவில்லை, அந்த மூன்றாவது எழுத்து மட்டும் போதும்.